உன் அம்மா அந்தச் சுவரில் நிற்க மாட்டாள்

மகன் திருமூர்த்திக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். இது என் கையெழுத்துதான், சந்தேகப்படாதே. யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை. சத்துணவுக் கூடத்தில் சாயங்காலம் நடக்கிற பெரியவர்கள் வகுப்புக்கு நான் போய்க்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். போனில் சொன்னபோது ‘நல்லதுப்பா’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். அதை அவ்வளவு லேசாக நீ எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. எழுத வந்ததும் முதலில் யாரைத் திட்டி எழுதலாம் என்று யோசித்தேன். தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் தள்ளிவிட்டு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். மெதுவாகத்தான் வருகிறது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனாலும் இதில் இருக்கிற சுகம் வேறு எதிலும் இல்லை. நேரில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே ‘உங்களுக்கு இது புரியாதுப்பா’ என்பாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. வகுப்பெடுக்கிற செல்வி என்கிற பெண், “என்னங் தாத்தா, கடுதாசின்னா பத்து வரி போதுமுங்க” என்றாள். “நீ எம்பையனப் பாத்ததில்ல அம்மணி” என்றேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் மடித்து வைத்துவிடுகிற ஆள். ஆர்.எஸ்.புரத்தில் புது வீடு கட்டியிருக்கும் மில் முதலாளிக்கு, அவர் அப்பா காலத்து அன்னூர்த் தோட்டத்தை அவர் கூடத்துச் சுவர் நிறைகிற அளவுக்குத் துணியில் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறாய். நான் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பது போலவும், உன் அம்மா கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் வருவது போலவும் அதில் இருக்க வேண்டுமாம். அடுத்த வாரம் நீ வரும்போது, நான் அந்தத் தோட்டத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் நிற்க வேண்டுமாம். நான் நிற்க மாட்டேன். அது சின்ன விஷயம். நீ அந்தப் படத்தை வரையக் கூடாது. அதுதான் பெரிய விஷயம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துக் கடைசிக்குப் போய்விடாதே, கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறேன்.

உன் தொழிலை நான் ஒருநாளும் மதித்ததில்லை. நீ பள்ளிக்கூடம் முடித்த கையோடு சுவர்களில் பம்ப்செட் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தாயே, அப்போது மதித்தேன். அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருக்கிற ஆளிடம் “அது எம்பையன் போட்டதுங்க” என்று வலியச் சொல்லுவேன். மோட்டார் மோட்டார் மாதிரி இருந்தது. தண்ணீர் தண்ணீர் மாதிரிக் கொட்டியது. பிறகு நீ மெட்ராஸுக்குப் போய் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, தண்ணீரைத் தண்ணீர் மாதிரி வரையக் கூடாது என்று கற்றுக்கொண்டாய். அதைக் கற்றுக்கொள்ள அரசாங்கம் உதவித்தொகை வேறு கொடுத்தது. பெயரில் இருந்த திருவையும் அங்கேயே தொலைத்தாய். படத்து மூலையில் வெறும் மூர்த்தி என்று போட்டாய். நல்ல வேளை, அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது.

உன்னைப் பார்க்க மெட்ராஸுக்கு நான் வந்ததை மறந்திருக்க மாட்டாய். ஒரே அறையில் ஐந்து தாடிகளும் ஒரு ஸ்டவ்வும் இருந்தன. சுவரெல்லாம் உன் படங்கள். ஒன்றில் செங்காவிப் பட்டை, அதன் மேல் சாம்பல் பட்டை, நடுவில் கறுப்பாக ஒரு கோடு. இன்னொன்றில் கோடும் இல்லை. உன் சிநேகிதர் ஒருவர் அதன் முன்னால் கன்னத்தில் கை வைத்து நின்று, “இதுல ஒரு மௌனம் இருக்குங்க” என்றார். “எந்தப் படமுங்க பேசிச்சு?” என்று நான் கேட்டேன். நீ அவசரமாக என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய்விட்டாய். அன்று மாலையே ஒரு நகைக்கடைக்காரர் அந்த அறையைத் தேடி வந்தார். காலண்டருக்கு ஒரு படம் வேண்டும், இரண்டு மாடு, ஒரு பெண், சூரியன் உதிக்க வேண்டும் என்றார். மறுநாள் சோற்றுக்கு உங்களிடம் அரிசி இல்லை என்பதை நான் பானையைத் திறந்து பார்த்திருந்தேன். நீ அவரிடம், “அதெல்லாம் நான் போடறதில்லீங்க” என்றாய். அவர் இறங்கிப் போனதும் நான் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

“ரெண்டு மாடு போட்டா உங்கை என்னடா தேஞ்சா போயிரும்?”

“ஒருக்கா மாடு போட்டா, அப்பறம் மாடு மட்டுந்தானப்பா கேப்பாங்க.”

அதைத் திமிர் என்று சொன்னேன். ஊருக்கு வந்து உன் அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். அவள், “அந்தத் திமிருக்குத்தான அவன இங்கிருந்து அனுப்புனோம்” என்றாள். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. நான் சொன்னது தப்பு. ஆனால் இப்போது அந்தத் திமிர் எங்கே போயிற்று என்று கேட்கிற உரிமை, தப்பாகச் சொன்னவனுக்கும் உண்டு.

டெல்லியில் உனக்குப் பரிசு கொடுத்தபோது பேப்பரில் உன் போட்டோ வந்தது. நான் வேலை பார்த்தது வேறொருவர் மில்; அங்கே என்னோடு பஞ்சுக் கழிவு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் சுற்றிக்கொண்டார்கள். உன் மகன் என்ன வரைகிறான் என்று கேட்டார்கள். “நெலம் வரையறான்” என்றேன். “யாரோட நெலமப்பா?” என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி இன்றைக்கும் உன் ஒவ்வொரு படத்துக்கும் பொருந்தும். எத்தனை வருடம் நிலத்தை வரைந்துவிட்டாய்! அதில் ஒரு மனிதன் கிடையாது, மாடு கிடையாது, ஒரு கோழிக்குஞ்சு கூடக் கிடையாது. உழுதவன் யார், விதைத்தவன் யார், எல்லோரும் செத்துப்போய்விட்டார்களா? நிலத்தைப் பார்த்து அழகு என்று சொல்லுகிறவன் ஒன்று அதற்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டும், இல்லை பஸ்ஸில் போகிறவனாக இருக்க வேண்டும். நீ இரண்டும் இல்லை. இதை நான் வருடக்கணக்காக உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, உன் படங்களைக் கேவலமாகத்தான் நினைத்திருந்தேன்.

போன மாதம் இங்கே நம் ஊரிலேயே உன் இத்தனை வருடத்துப் படங்களையும் சேர்த்துக் கண்காட்சி வைத்தார்கள். திறப்பு விழாவுக்கு முன்னால் ஆள் இல்லாத கூடத்தில் என்னைச் சுற்றிக் காட்டினாய். அன்றுதான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்தேன். ஒரு படத்தில் கூட வானம் இல்லை என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. மேல் விளிம்பு வரைக்கும் மண். களை எடுக்கும்போது காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது அதுதான். குனிந்தவனுக்கு வானம் எங்கே இருக்கிறது? சின்ன வயதில் நீயும் எங்களோடு குனிந்தவன்தான். உன்னிடம் கேட்டேன்.

“களை எடுக்கறப்பப் பாத்ததையா கண்ணு போட்டிருக்கற?”

“அப்படியெல்லாம் நெனச்சுப் போடறதில்லப்பா. வானம் வந்தா பாரமெல்லாம் மேல போயிருது. படம் கீழ நிக்க மாட்டேங்குது.”

பாரமாம். உன்னைப் போல ஒரு மடையனை நான் பெற்றதில்லை. நீ பொய் சொன்னாயா, இல்லை உன் கை செய்ததே உனக்குத் தெரியவில்லையா, எனக்குக் கவலை இல்லை. உன் கை மறக்கவில்லை, அது போதும். அந்த ஒரு நாள் உன்னை மதித்தேன். சரியாகச் சொன்னால், திறப்பு விழா தொடங்குகிற வரைக்கும் மதித்தேன்.

விழாவுக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்திருந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் உன்னைப் பற்றி அதில் எழுதியிருந்தார். மூலையில் உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அச்சடித்த புத்தகத்தில் நான் முதன்முதலாகப் படித்ததே உன்னைப் பற்றித்தான் என்று எவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்தேன் தெரியுமா? பவானி ஜமக்காளத்தின் வண்ணப் பட்டைகளில் படுத்து வளர்ந்த கண் உன்னுடையது, அந்தப் பட்டைகளைத்தான் நிலமாக்கினாய் என்று எழுதியிருந்தார். அந்த மரியாதைக்காகக் கூடத்தின் நடுவில் பெரிய ஜமக்காளம் ஒன்றையும் விரித்திருந்தார்கள். நம் வீட்டில் ஜமக்காளம் எப்போது இருந்தது? நீ படுத்து வளர்ந்தது சாக்கு. ஜமக்காளம் இருந்தது நாம் வேலை செய்த தோட்டத்துக்காரர், பெரிய பண்ணாடி வீட்டு வாசலில். நம் ஆட்கள் வருவதைக் கண்டால் அதன் ஓரத்தைச் சுருட்டிவிட்டுத் தரையில் நிற்கச் சொல்லுவார்கள். சுருட்ட மறந்துவிட்டால், நாமே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப் போக வேண்டும். அந்தப் பேராசிரியரிடம் நீ இதைச் சொல்லவில்லையா? சொல்லி அவர் எழுதாமல் விட்டாரா? ஒன்று சொல்லிவைக்கிறேன். உன்னைப் பற்றி ஒருவர் அழகாகப் பொய் எழுதினால் அதைத் திருத்து. திருத்தாமல் விட்டால் அது உன் சொத்தாகிவிடும், பிறகு அதைக் காப்பாற்றுவதே உன் வேலையாகிவிடும்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். இதில் என் பங்கும் இருக்கிறது. குத்துவிளக்கு ஏற்ற எல்லோரையும் முன்னால் கூப்பிட்டார்கள். சில்க் ஜிப்பாக்களும் பட்டுச் சேலைகளும் அந்த ஜமக்காளத்தின் மேல் செருப்போடும் ஷூவோடும் நடந்து போனார்கள். பெரிய பொட்டு வைத்த ஒரு அம்மாள், “இந்தச் செவப்பு என்னையக் கூப்பிடுதுங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு போனார். அந்த மண் என்னைக் கூப்பிட்டதெல்லாம் ‘ஏண்டா இன்னும் வரல’ என்றுதான். நீ என்னையும் கை காட்டிக் கூப்பிட்டாய். நான் வந்தேன். எப்படி வந்தேன் என்பது, வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. செருப்பு இரண்டும் கையில் இருந்தன. ஜமக்காளத்தை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றி வந்து, அதன் விளிம்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை. அந்த வாசலை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கால் தானாக விலகியிருக்கிறது. எனக்கு அங்கேயே என் காலை வெட்டிப் போட வேண்டும் போல இருந்தது. ஜிப்பாக்காரர் ஒருவர் நெகிழ்ந்துபோய், “ஏனுங்க பெரியவரே, கலைன்னா உங்களுக்கு அவ்வளவு பக்திங்களா?” என்று கேட்டார். “செருப்புக் கடிக்குதுங்க” என்றேன். வேறு என்ன சொல்ல?

அந்தக் கூட்டத்தில்தான் அவர் என்னைப் பார்த்தார். நான் நின்ற நிலையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மறந்திருக்கும், நிலை மறக்காது. பெரிய பண்ணாடியின் மகன், அந்தக் காலத்தில் நாம் சின்னப் பண்ணாடி என்று கூப்பிட்டவர், இப்போதைய மில் முதலாளி.

“அட, நம்ம பண்ணையத்து ஆளல்லோ!” என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். “மூர்த்திங்க, இவரு உங்கப்பாங்களா? சொல்லவே இல்லீங்களே!” என்று உன்னிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்படியே நில்லப்பா, அசையாத” என்றார். உனக்கு இருந்த ‘ங்க’ எனக்கு இல்லை, கவனித்தாயா? ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற உனக்கு ‘ங்க’, இந்தப் பக்கம் நின்ற எனக்கு ‘நில்லப்பா’. “இந்த நிப்பு, கையில அந்தச் செருப்பு… இதப் பாத்தா எங்கய்யன் காலமே கண்ணுல நிக்குது. மூர்த்திங்க, நீங்க இதத்தான் வரையோணும்.” அவர் கண்ணில் தண்ணீர். உண்மையான தண்ணீர்தான், குறை சொல்ல மாட்டேன். தான் இழந்ததை நினைத்து மனிதர்கள் அழத்தான் செய்வார்கள்.

டிபன் சாப்பிடும்போது அவர் படத்தை விவரித்தார். தோசையைப் பிய்த்துக்கொண்டே வரைந்து முடித்துவிட்டார். “கவலை ஓடோணும். தென்னமரம் வரிசையா நிக்கோணும். வானம் நல்லா நீலமா இருக்கோணும். உங்கப்பா கவலை ஓட்டட்டும், உங்கம்மா கலயத்தோட வரப்புல வரட்டும். எல்லாரு மொகமும் சிரிச்ச மாதிரி இருக்கோணுங்க, அந்தக் காலத்துல அப்படித்தான இருந்தோம்.” நான் உன் முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்லுவான், அதெல்லாம் நான் போடறதில்லீங்க என்று இப்போது சொல்லுவான் என்று வாயில் வைத்ததை மெல்லாமல் காத்திருந்தேன். அன்று அரிசி இல்லாமல் சொன்னவன், இன்று வயிறு நிறைந்திருக்கும்போது சொல்ல மாட்டானா? நீ சட்னியைத் தொட்டுக்கொண்டு, “யோசிக்கறனுங்க” என்றாய். அடுத்த வாரமே ஒப்புக்கொண்டாய்.

காசுக்காக என்று நான் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் நீ போனில் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது. டெலிபோன் பூத்தில் எனக்குப் பின்னால் ஆட்கள் காத்திருக்க, மீட்டர் ஓட ஓட நீ சொன்னாய்: “நானும் இத்தன வருசம் மனுசங்களயே வரையாம இருந்துட்டனப்பா. உங்களையும் அம்மாவையும் வரைய இது ஒரு வாய்ப்பு. அம்மா மொகம் ஒரு படத்துலயாவது இருக்கட்டும்.” நான் “பாக்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்னை எல்லோரும் உணர்ச்சி இல்லாதவன் என்று எழுதி எழுதி, உனக்கும் இந்த வயதில் அது உறுத்த ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. பாசத்தைக் காட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. காட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு ஆர்.எஸ்.புரத்துக் கூடம்தான் கிடைத்ததா? அம்மாவின் முகம் வேண்டுமென்றால் அவள் கடைசி வரைக்கும் சோறு போட்ட இந்த லைன் வீட்டு வாசலில் வைத்து வரையக் கூடாதா? சித்தாளாக அவள் கல் சுமந்து கட்டிய கட்டடம் ஊரெல்லாம் நிற்கிறதே, அதில் ஒன்றின் முன்னால் நிறுத்தக் கூடாதா? அவரிடம் கேட்டுப் பார். அந்தப் படத்தை அவர் வாங்க மாட்டார்.

நாலு நாளைக்கு முன்னால் முதலாளியின் மானேஜர் காரில் வந்தார். லைன் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாமல், ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மடிப்புக் கலையாத ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

“முதலாளி குடுத்தனுப்பிச்சாருங்க. படத்துக்கு நிக்கறப்பக் கட்டிக்கறதுக்கு. தலைக்கு உருமால், இடுப்புக்குக் கோமணத்துணிங்க. உங்க அளவு தெரியலீங்க, அதனால பெருசாவே எடுத்துட்டமுங்க.”

“கோமணத்துக்கு அளவு பாக்கறதுண்டுங்களா தம்பி? நீங்க கட்டிப் பாத்தீங்களா?”

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாவம், சம்பளத்துக்கு வந்தவர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். நான் மில்லில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கால்சட்டையும் சட்டையும்தான் போடுகிறேன் என்றும், முழங்கால் தெரிய வெளியே நின்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது என்றும் சொன்னேன். “முதலாளி கேட்டா என்னங்க சொல்றது?” என்றார். “பெரியவருக்குக் குளுருதாமுன்னு சொல்லுங்க” என்றேன். பொட்டலத்தை அவரோடு திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

இனிமேல் திட்டவில்லை. உன் அம்மாவைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நாம் பண்ணையத்தில் இருந்தபோது நீ சின்னவன். எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. சித்திரை பிறந்ததும் பண்ணையத்துக்கு ஆள் பேசுவது வழக்கம். அந்த வருடம் பெரிய பண்ணாடி களைக்காட்டுக்கே வந்து வரப்பில் நின்றுகொண்டு, “பையன் வளந்துட்டானல்லோ, ஆட்டுப்பட்டிக்கு உட்டுரு” என்றார். நான் நிமிராமலே “சரிங்க பண்ணாடி” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, தும்மல் மாதிரி அது தானாக வரும். பக்கத்துச் சாலில் களை எடுத்துக்கொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்தாள்.

“எம்பையன் இஸ்கோலுக்குப் போறானுங்க.”

“போயிக் கலெக்டரு ஆவப்போறானாக்கு?”

“ஆவறான், ஆவாமப் போறான். ஆட்டுக்குப் பின்னால போவ மாட்டானுங்க.”

களைக்கொத்தை அங்கேயே போட்டாள். வரப்போரம் உட்கார்ந்திருந்த உன் கையைப் பிடித்துத் தூக்கினாள். என்னைப் பார்த்து, “நீங்க வாரதுன்னா வாங்க, இல்லாட்டி இங்கியே கெடங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் என் களைக்கொத்தை ஓரமாக வைத்து, அவள் போட்டதையும் எடுத்து வைத்து, பண்ணாடிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, அப்புறம்தான் உங்கள் பின்னால் ஓடி வந்தேன். குடிசையில் இருந்த பாத்திரத்தைக் கூட அவள் எடுக்கவில்லை. அன்னூர் வந்து பஸ் ஏறினோம். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து குதித்துக்கொண்டு வந்தாய், உனக்கு அது முதல் பஸ்.

அதன் பிறகு அவள் அந்த மண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமங்கலத்தில் அவள் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அன்னூர் வழியாகத்தான் பஸ் போகும். ஊர் நெருங்கியதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து, “தாண்டியாச்சுங்களா?” என்று கேட்பாள். “தாண்டியாச்சு” என்று நான் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பாள். ஒருமுறை விளையாட்டாகத் தாண்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாகிற வரைக்கும் அப்படித்தான் அந்த வழியில் போய் வந்தாள்.

நீ முதன்முதலாக உன் படம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாயே, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே செங்காவியாக, அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கிட்டே போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது, அவளுக்கு அந்த மண் அடையாளம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். “இது எந்த ஊருடா கண்ணு?” என்று கேட்டாள். “எந்த ஊரும் இல்லம்மா” என்றாய். “எந்த ஊரும் இல்லீன்னா மாட்டு” என்றாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் அவளே ஆணி அடித்தாள். உன் படங்களைப் பற்றி டெல்லியிலும் மெட்ராஸிலும் எழுதியவர்கள் எல்லோரும் இருக்கட்டும். யாருக்கும் சொந்தமில்லாத மண் ஒன்றை நீ செய்துகொண்டு வந்தாய், அதனால் அவள் அதை வீட்டுக்குள் விட்டாள். அதை விட்டுவிட்டு இப்போது, பத்திரம் உள்ள மண்ணை, வேலி போட்ட மண்ணை, ஒருவர் அப்பாவின் பெயரில் இருக்கிற மண்ணை வரையப்போகிறாய். அதில் அவளைக் கஞ்சியோடு நிறுத்தப்போகிறாய். சிரித்த முகமாக.

நீ நன்றாக வரைவாய், அது எனக்குத் தெரியும். அதுதான் பயம். வெறும் காசுக்கு வரைந்தால் முகம் சரியாக வராது, யாரோ ஒருத்தி என்று விட்டுவிடலாம். நீ பாசத்தோடு வரைவாய், அவள் அவளாகவே வந்துவிடுவாள். அந்த வீட்டுக்குக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வருகிறவர்கள் காபி டம்ளரோடு அவள் முன்னால் நிற்பார்கள். “எங்க பண்ணையத்துப் பொம்பள, அந்தக் காலத்து ஆளுங்க விசுவாசமே தனிங்க” என்று அவர் கை காட்டுவார். அவளால் கலயத்தை இறக்கி வைக்க முடியாது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளவும் முடியாது. நீ கண்ணைத் திறந்து வைத்து வரைந்திருப்பாய்.

ஒருமுறை அவள் தன் காலால் நடந்து வெளியே வந்தாள். நீ கொண்டுபோய் விட்டால் இரண்டாம் முறை அவளால் வர முடியாது. ஆகவே நான்தான் போக வேண்டியிருக்கும். வாசலில் கூர்க்கா இருந்தாலும் போவேன். கூடத்துக்குள் போய் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வேன், அவளை இறக்கித் தருகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். எனக்கு இப்போது வேறு வேலையும் இல்லை. என்னை எழுப்பிக் கூட்டிப்போகச் சொல்லி உனக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். அப்போது நீ உள்ளே வந்து என் கையைப் பிடித்துத் தூக்குவாயா, இல்லை என் பக்கத்தில் உட்காருவாயா என்பதை, துணியில் முதல் கோடு போடுவதற்கு முன்னால் யோசித்துக்கொள்.

உன் அப்பா